ரெண்டடி மயானமும் மூன்றாம் வகுப்புப் பிணங்களும்

மாடல் ரயில் பைத்தியங்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, நாலு மரம் நட்டு முடித்த பிறகு ஒரு மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். வீடு வைத்தால் கொள்ளாது, சும்மா விட்டால் கண்ணை உறுத்தும். அந்த இடத்துக்கு மாடல்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் தீர்வு: கல்லறைத் தோட்டம். கடையில் செட்டாகவே கிடைக்கும். பத்திருபது கல்லறைக் கல், ஒரு இரும்பு வேலி, இலை உதிர்ந்த மரம் ஒன்று. கற்களை ஃபெவிக்கால் தொட்டு வரிசையாக ஒட்டி, ரெண்டு மூணை வேணும்னே சாய்த்துவிட்டால் வேலை முடிஞ்சுது.

எனக்கு மிச்சம் இருந்தது ரெண்டடிக்கு ஒரு அடி பலகை. செட் வாங்கி ஒட்டுவதில் ஒரு சுவாரசியமும் இல்லை என்று தோன்றியது. ரயில் பக்கத்தில் மயானம் வைப்பதற்குப் பதிலாக, மயானத்துக்காகவே போட்ட ரயில் ஒன்று இருந்ததே, அதைச் செய்தால் என்ன? இங்கிலாந்தில் ப்ரூக்வுட் என்ற ஊருக்கு லண்டனிலிருந்து 1854 முதல் 1941 வரை பிணங்களுக்கென்று தனி ரயில் ஓடியது. லண்டன் நெக்ரோபோலிஸ் ரயில் என்று பெயர். நெக்ரோபோலிஸ் என்றால் கிரேக்கத்தில் செத்தவர்களின் நகரம்.

மாடல் செய்ய இறங்கினால் வரலாற்றைத் தோண்டாமல் முடியாது. எந்தக் கல் எங்கே இருந்தது, எவ்வளவு உயரம், எந்த வருஷம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். அப்படித் தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

புதைக்க இடமில்லாத ஊர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் ஜனத்தொகை ரெண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 1851 கணக்கெடுப்பில் 23 லட்சத்துக்கும் மேல். ஆனால் செத்தவர்களைப் புதைக்க அதே பழைய சர்ச் வளாகங்கள்தான். நகரத்துக்குள் இருந்த புதைநிலம் எல்லாம் சேர்த்து சுமார் 300 ஏக்கர். புதுக் குழி தோண்டினால் பழைய ஆள் வெளியே வருவார். அரைகுறையாக மக்கியதை வெளியே எடுத்துவிட்டு அடுத்தவரை இறக்குவது வழக்கமாகவே ஆகிப்போனது.

ஸ்ட்ராண்ட் பக்கம் ஈனன் சாப்பல் என்று ஒரு சின்ன ஜெபக்கூடம். அதன் தரைக்குக் கீழே இருந்த நிலவறையில் மட்டும் இருபது வருஷத்தில் சுமார் 12,000 உடல்களைத் திணித்ததாகச் சொல்லப்பட்டது. ஜார்ஜ் வாக்கர் என்ற அறுவை மருத்துவர் 1839இல் இந்த மாதிரி இடங்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பின்னாளில் ஈனன் சாப்பல் எலும்புகளைத் தன் சொந்தச் செலவில் எடுத்து வேறு இடத்தில் அடக்கம் பண்ணியவரும் இவரே.

1832க்கும் 1841க்கும் நடுவில் ஊரைச் சுற்றி ஏழு பெரிய தனியார் கல்லறைத் தோட்டங்கள் வந்தன. கார்ல் மார்க்ஸ் இருக்கிற ஹைகேட் அதில் ஒன்று. ஆனால் அதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு. 1848-49இல் காலரா வந்து லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் போனபோது, ஏழைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி கழுத்தைப் பிடித்தது. 1852இல் நகருக்குள் புதைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

ஆளுக்கும் டிக்கெட், பெட்டிக்கும் டிக்கெட்

சர் ரிச்சர்ட் ப்ரவுன், ரிச்சர்ட் ஸ்ப்ரை என்று ரெண்டு பேர். இவங்க யோசனை ரொம்ப எளிமையானது. ஊருக்குப் பக்கத்தில் இடம் வாங்கினால் ஊர் வளர்ந்து வந்து அதையும் முழுங்கிவிடும். எட்டாத தூரத்தில் மலிவாகத் தரிசு நிலம் வாங்கு. தூரத்தை ரயில் பார்த்துக்கொள்ளும். அப்போது ரயில் ஒரு புதுசு, இன்றைக்கு நாம் எதற்கெடுத்தாலும் ஆப் போடலாம் என்று சொல்கிற மாதிரி.

1852இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டுக் கம்பெனி அமைந்தது. லண்டனிலிருந்து 37 கிலோமீட்டர் தள்ளி, வோக்கிங் பக்கம் 2,000 ஏக்கருக்கு மேல் மணல் பூமி. முதல் கட்டமாக 500 ஏக்கரைத் தோட்டமாக அமைத்தார்கள். 1854 நவம்பரில் முதல் அடக்கம். வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கத்தில் தனி டெர்மினஸ். காலை பதினொன்றரை மணி வாக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ப்ரூக்வுட். மெயின் லைனிலிருந்து பிரிந்து, கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே போகும் கிளைப் பாதை. சாயங்காலத்துக்குள் உறவுக்காரர்கள் வீடு திரும்பிவிடலாம்.

கட்டணத்தைப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போக வர: முதல் வகுப்பு 6 ஷில்லிங், இரண்டாம் வகுப்பு 3 ஷில்லிங் 6 பென்ஸ், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங். சவப்பெட்டிக்கு: முதல் வகுப்பு 1 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 5 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங் 6 பென்ஸ். பெட்டிக்கு ஒருவழி டிக்கெட் மட்டும்தான், சொல்லவே வேண்டாம் :-)

சுடுகாட்டுக்குப் போனால் எல்லாரும் சமம் என்று நம்ம சினிமாப் பாட்டெல்லாம் சொல்லும். இங்கே பிணத்துக்கே மூணு கிளாஸ். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1842லேயே லண்டன் பிஷப் ப்ளாம்ஃபீல்ட் ஒரு பார்லிமெண்ட் குழு முன்னால் ரயிலில் பிணம் கொண்டுபோவதை எதிர்த்துப் பேசியிருக்கிறார். ரயிலின் அவசரமும் சத்தமும் சாவுக்குப் பொருந்தாது என்பது ஒன்று. ஒழுக்கமாக வாழ்ந்த கௌரவமான மனிதரின் உடலோடு ஒழுக்கம் கெட்டவன் உடலும் ஒரே வண்டியில் போகலாமா என்பது இன்னொன்று. கம்பெனிக்காரர்கள் அந்த ரெண்டாவது கவலையைக் கச்சிதமாகத் தீர்த்துவிட்டார்கள். மூணு வகுப்பு. அதற்கு மேல், இங்கிலாந்து சபையைச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். ஆக மொத்தம் ஆறு வகை. தோட்டத்துக்குள் ஸ்டேஷனும் ரெண்டு. தெற்கு ஸ்டேஷன் இங்கிலாந்து சபைக்காரர்களுக்கு, வடக்கு ஸ்டேஷன் சபையில் சேராத மற்ற எல்லோருக்கும். ரெண்டும் மரத்தால் கட்டின சாதாரண ஒரு மாடிக் கட்டடங்கள்.

கல் யாருக்கு?

என் பலகைக்கு முக்கியமான சங்கதி இதுதான். வகுப்பு ரயிலோடு முடியவில்லை, மண்ணுக்குள்ளும் போனது.

முதல் வகுப்பு என்றால் தோட்டத்தில் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 9 அடிக்கு 4 அடி சாதாரண இடம் 2 பவுண்டு 10 ஷில்லிங்கிலிருந்து. அதில் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பு 1 பவுண்டு. கல் வைக்க வேண்டுமென்றால் தனியாக 10 ஷில்லிங். வைக்கவில்லை என்றால் அந்தக் குழியை எதிர்காலத்தில் மறுபடி பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு. மூன்றாம் வகுப்பு என்பது லண்டனின் ஒவ்வொரு பேரிஷும் தன் செலவில் அனுப்பிவைத்த ஏழைகள். அந்தந்தப் பேரிஷுக்கு ஒதுக்கிய நிலத்தில் அடக்கம். நிரந்தரக் கல் வைக்க அனுமதி கிடையாது. குடும்பம் பிற்பாடு காசு கட்டி மேல் வகுப்புக்கு மாற்றிக்கொண்டால் உண்டு.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ப்ரூக்வுட்டில் பொதுக்குழி கிடையாது. ஒரே குடும்பத்து ஆட்களைத் தவிர ஒரு குழியில் ஒருவரைத்தான் வைக்கலாம் என்பது விதி. அரசாங்கக் காசில் வந்த மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கும் இது பொருந்தும். அதே காலத்தில் நகரத்து ஏழைகள் ஒரே பள்ளத்தில் அடுக்கடுக்காக இறக்கப்பட்டார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால், தனிக்குழி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். தனியாகப் படுக்க இடம் உண்டு, பேர் எழுதத்தான் கல் இல்லை. 1854 முதல் 1941 வரை இங்கே அடக்கமானவர்கள் 2 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆரம்ப வருஷங்களில் வந்தவர்களில் மிகப் பெரும் பகுதி இந்தக் கல் இல்லாத கூட்டம்தான்.

இவங்களோட ஒரே வரவில் வந்த இன்னொரு கூட்டமும் உண்டு. 1860களில் லண்டன் பிரிட்ஜிலிருந்து சேரிங் கிராஸுக்கு ரயில் பாதை போட்டபோது, சதர்க்கில் ஒரு பழைய புதைநிலம் குறுக்கே வந்தது. அங்கே இருந்த எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான உடல்களைத் தோண்டியெடுத்து ப்ரூக்வுட்டில் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ரயில் கிளப்பிவிட்ட பிணங்களுக்கு ரயில் மயானத்திலேயே இடம்.

இதே காலத்தில் வடக்கு லண்டனில் நேர் எதிரான காட்சி. செயிண்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனுக்குப் போகும் பாதைக்காகப் பழைய சர்ச் வளாகத்தின் ஒரு பகுதியைத் தோண்டினார்கள். அந்த வேலையை மேற்பார்வை செய்தவர்களில் ஒருவர் இளம் கட்டடக்கலைஞர் தாமஸ் ஹார்டி, ஆமாம், பின்னால் நாவலாசிரியர் ஆனவரே. அங்கே ஒரு மரத்தைச் சுற்றிக் கல்லறைக் கற்களை வட்டமாக நெருக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். ஹார்டி மரம் என்றே அதற்குப் பெயர். அந்த மரம் 2022 டிசம்பரில் விழுந்துவிட்டது. அங்கே ஆள் இல்லாத கல், ப்ரூக்வுட்டில் கல் இல்லாத ஆள்.

ரெண்டடியில் எத்தனை பேர்?

இப்ப என் மேஜைக்கு வருவோம். நான் செய்வது டபுள் ஓ ஸ்கேல். பிரிட்டிஷ் மாடல்களில் அதிகம் புழங்குவது. ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 76இல் ஒரு பங்கு. முதல் 500 ஏக்கர் முழுவதையும் இந்த அளவில் செய்தால் பக்கத்துக்கு 19 மீட்டர் சதுரம் வேண்டும். கல்யாண மண்டபம் புக் பண்ணணும். லண்டனிலிருந்து வரும் 37 கிலோமீட்டர் பாதையையும் போட்டால் அரை கிலோமீட்டர் தண்டவாளம். ஆகவே ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இரண்டாம் வகுப்பு நிலம் முடிந்து பேரிஷ் நிலம் தொடங்கும் இடம், பின்னால் கிளைப் பாதை.

9 அடிக்கு 4 அடி என்பது என் ஸ்கேலில் 36க்கு 16 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு பெரிய சைஸ் தபால்தலை. என் பலகையில் கணக்குப் போட்டால் 320 சொச்சம் குழி வருகிறது. தண்டவாளத்துக்கும் பாதைக்கும் மூணில் ஒரு பங்கு போனாலும் இருநூறுக்கு மேல். இந்த இருநூறு பேரில் எத்தனை பேருக்குக் கல்? பாதையோரத்தில் முதல் வகுப்புக்காரர் மூணு பேர், இரண்டாம் வகுப்பில் பதினோரு பேர் என்று வைத்தேன். மொத்தம் பதினாலு கல். மிச்சம் எல்லாம் மேடும் புல்லும்.

கல் செய்வது சுலபம். விசிட்டிங் கார்டை ரெண்டு மூணாக ஒட்டி, 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, சாம்பல் பெயிண்ட் மேல் தண்ணீர் கலந்த கறுப்பு மை பூசினால் மூணடிக் கல் தயார். கஷ்டம் கல் இல்லாத குழிகள்தான். தெர்மாக்கோல் மேல் பிளாஸ்டர் பூசி, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு மேட்டையும் ஐஸ்கிரீம் குச்சியால் உருட்டி எடுத்தேன். புதுக் குழி உயரமாக, வெறும் மண்ணோடு இருக்கும். சில மாசம் ஆனது பாதி புல். பல வருஷம் ஆனது மட்டமாகி, சில சமயம் உள்வாங்கி, புல் நிறம் மட்டும் சுற்றுப்புறத்திலிருந்து ஒரு இழை மாறியிருக்கும். மூணு பச்சை கலந்து தூவினேன். மண்ணுக்கு மாடல்காரர்கள் வழக்கமாகப் போடும் காய்ந்த டீத்தூள் இங்கே ஆகாது. அது மணல் பூமி என்பதால் சலித்த மணல்தான். இருநூறு மேட்டுக்கும் சேர்த்து மூணு வாரம் போனது. பதினாலு கல்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எந்த வருஷம்?

மாடலில் வருஷம் முக்கியம். இன்றைய ப்ரூக்வுட்டைச் செய்தால் தண்டவாளமே இருக்காது. இன்றைய தோட்டத்தில் 30 மீட்டருக்கு மேல் நிற்கிற ராட்சத செக்வோயா மரங்கள் என் ஸ்கேலில் 40 சென்டிமீட்டர் வரும். அந்த மர வகையே 1853இல்தான் கலிபோர்னியாவிலிருந்து விதையாக பிரிட்டனுக்கு வந்தது. வரிசை பிசகாமல் நிற்கும் ராணுவக் கற்கள் 1917இல் தனி இடம் ஒதுக்கியதற்குப் பிறகு வந்தவை. ஜம்ஷெட்ஜி டாடாவின் கல்லறையும் இங்கேதான், பார்சிகளுக்கு ஒதுக்கிய பகுதியில். அவர் இறந்தது 1904.

நான் தேர்ந்தெடுத்தது 1891 பிப்ரவரி 3. அன்றைக்கு இங்கே சார்லஸ் பிராட்லாவின் அடக்கம். ஊரறிந்த நாத்திகர், பார்லிமெண்ட் உறுப்பினர். இந்தியாவுக்காக அங்கே ஓயாமல் பேசியவர், 1889இல் பம்பாய் காங்கிரஸுக்கே வந்தவர். சுமார் 3,000 பேர் கூடிய அந்தக் கூட்டத்தில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது இந்தியர் ஒருவரும் இருந்தார்: மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. சத்திய சோதனை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். திரும்பும்போது ரயிலுக்குக் காத்திருந்த நிலையத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதை எழுதியிருப்பார். நாத்திகத்தின் மேல் இருந்த வெறுப்பு அதனால் இன்னும் கூடியது என்றும் சொல்லியிருப்பார்.

குளிர்காலம், ஆகவே என் மரங்களுக்கு இலை இல்லை. செக்வோயாவுக்குப் பாதி உயரம். பாதையில் கோட்டு, தொப்பியோடு 21 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு ஆள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒரு வெள்ளைக்கார துரை என்றுதான் தோன்றும். யாருன்னு எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் :-)

நாலு வருஷம் கழித்து, 1895 ஆகஸ்டில் எங்கெல்ஸின் இறுதிச் சடங்கும் இதே கம்பெனியின் லண்டன் ஸ்டேஷனில்தான் நடந்தது. அங்கிருந்து வோக்கிங் தகன மேடைக்கு. பாட்டாளிகளின் தோழருக்கு எந்த வகுப்பு டிக்கெட் எடுத்தார்களோ!

"இன்னும் முடிக்கலையா?"

பலகையைப் பார்த்த நண்பர்கள் முக்கால்வாசிப் பேர் கேட்டது இதுதான். "இந்தப் பக்கம் காலியா கிடக்கே, கல்லு தீர்ந்துபோச்சா?" ஒருவன் கடையில் வாங்கின செட்டையே கொண்டுவந்து கொடுத்தான். நல்ல மனசு. வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன், ஒட்டப்போவதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். கடை செட்டில் ஆளுக்கொரு கல் இருக்கும். கல்லை எண்ணினால் ஆளை எண்ணிய மாதிரி. பழைய காலத்து மயானம் என்றாலே நாமும் அப்படித்தான் மனசுக்குள் படம் போட்டு வைத்திருக்கிறோம். நிஜத்தில் கல் என்பது 10 ஷில்லிங் கூடுதலாகக் கட்ட முடிந்தவர்களின் கணக்கு. மண்வெட்டி பிடித்தவன், துணி வெளுத்தவள், காலராவில் போன பிள்ளை, இவங்க எல்லாம் புல்லுக்கு அடியில். கம்பெனியின் அடக்கப் பதிவேட்டில் இவர்களுக்குப் பேர் உண்டு, தரையில் இல்லை. என் பலகையில் அந்தக் காலி இடத்தை நிரப்பினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது ப்ரூக்வுட்டாக இருக்காது.

ரயிலின் கதையை முடித்துவிடுகிறேன். 1902இல் லண்டன் ஸ்டேஷன் வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோட்டுக்கு மாறியது. 1941 ஏப்ரல் 16 இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அது நாசமானது. திரும்பக் கட்டவில்லை, அதோடு ரயிலும் நின்றது. 121ஆம் எண்ணில் அந்த ஸ்டேஷனின் முகப்புக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. தோட்டத்துக்குள் இருந்த ரெண்டு ஸ்டேஷன்களும் இடிந்து போய்விட்டன. தெற்கு ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மடம் இருக்கிறது. கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் புழக்கத்தில் உள்ளது.

அடுத்த வேலை சவ வண்டி. ஒரே வண்டிக்குள் மூணு வகுப்புக்கும் தடுப்பு வைக்க வேண்டும். கதவை மூடிவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் வைக்கத்தான் போகிறேன்.

பி.கு: சட்டத்தில் எழுதிய கட்டணத்தைக் கம்பெனியால் ரொம்ப காலத்துக்கு ஏற்ற முடியவில்லை. பின்னாளில் சாதாரண ரயிலை விட இது மலிவாகிவிட்டது. அந்தப் பக்கம் கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு துக்கத்துக்குப் போகிற மாதிரி இதில் ஏறினார்கள் என்று ஒரு கதை உண்டு. டிக்கெட் காசு மிச்சம் பிடிக்கத் துக்க முகம் காட்டுவது எந்த ஊரிலும் நடக்கும் போல!